ஐம்பதுக்கு ஐம்பது

பனெவெஜிஸ் நகரம். காலை எட்டரை.
வெளியே உப்புத் தூவிய நடைபாதையில் பனி கறுத்துக் கிடக்கிறது.
உள்ளே ரப்பர் வாசனை, நேற்றைய வியர்வை.
பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு சென்சார்.
தீப்பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும்.
தோள் எலும்புகளுக்கு நடுவே,
அரித்தால் சொறிய எட்டாத அந்த இடத்தில்
செருகிவிடுவது என் வேலை.

கணக்குப்பிள்ளை என்கிறார்கள் என்னை,
முகத்துக்கு நேராகவே.
தப்பில்லை.
தாவியதை எண்ணுகிறேன். திரும்பியதை,
ஓடி வந்து சட்டென்று நின்றதை.
ஓடுவதைவிட நிற்பதற்குத்தான்
உடம்பு அதிக விலை கொடுக்கிறது.
கைதட்டுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்து அரைமணியில் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்:
பத்துக்கு எவ்வளவு சிரமம்?
ஸ்கிர்மந்தாஸ் நாலு என்பான்.
இரண்டு முறை நேரம் நீட்டிய ஆட்டத்துக்குப் பிறகும் நாலு.
வாளியில் வாந்தியெடுத்து வாய் துடைத்தபடி நாலு.
முட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்த அன்று
சற்று யோசித்தான்.
நாலு.

வயது முப்பத்து நாலு என்பதால் இருக்குமோ என்று
ஒருநாள் கேட்டேன். சிரிக்கவில்லை.

அவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது:
முப்பது ஆட்டம் ஆடினால் அடுத்த வருடமும் உண்டு.
இருபத்தேழு ஆகிவிட்டது.
துணி துவைக்கும் அல்தோனாவுக்குக்கூடத் தெரியும் அந்த வரி.
அவன் சட்டையை மட்டும் தனியாகக் காயப்போடுகிறாள்.

இரண்டு இரும்புத் தட்டுகள், காலுக்கு ஒன்று.
ஏறி நின்று தாவி இறங்க வேண்டும்.
எந்தக் கால் எவ்வளவு சுமக்கிறது என்று
தட்டு சொல்லும்.
போன மாதம் அவன் இடது கால் நூற்றுக்கு நாற்பத்தாறு.
போன வாரம் நாற்பத்தொன்று.

இன்று ஐம்பது.
மறுபடி தாவச் சொன்னேன். ஐம்பது.
மூன்றாவது முறையும்
தராசு முள் போல ஐம்பது.

நானே ஏறினால் ஐம்பத்திரண்டு வரும்.
பிறந்த குழந்தைகூட
ஒரு பக்கமாய்த்தான் உதைக்கும்.
இப்படி யாரும் இறங்குவதில்லை,
ஒத்திகை பார்த்தாலொழிய.

நேற்று அவன் திருப்பித் தர மறந்த சென்சாரைக்
கணினியில் செருகினேன்.
பயிற்சி முடிந்தது ஆறு மணிக்கு.
இரவு பதினொன்றே காலுக்கு மீண்டும் ஆரம்பிக்கிறது கோடு.
சின்னத் தாவல்கள், ஒரே இடத்தில்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

முட்டி நலமென்று காட்ட
முட்டியையே செலவழித்திருக்கிறான்.

"இருநூற்றுப் பன்னிரண்டு," என்றேன் அவனிடம் மெதுவாக.
ஷூக் கயிற்றைப் பார்த்தபடி சொன்னான்:
"குளியலறைத் தராசு இரண்டு வாங்கினேன்.
கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.
இல்லையென்றால் இன்னும் போயிருக்கும்."

"பத்துக்கு எவ்வளவு?"

கயிற்றை அவிழ்த்தான். திரும்பக் கட்டினான்.
"எட்டு," என்றான்.
நான் எழுதவில்லை. பேனா கையில்தான் இருந்தது.

பயிற்சியாளர் வைதோதாஸுக்கு எண்கள் பிடிக்காது.
கதவிடுக்கில் தலையை நீட்டி
எப்போதும்போல் நிறம் மட்டும் கேட்டார்.

சிவப்பு என்றேன்.

பொய் சொல்லியிருந்தால்
இந்தக் கவிதை இத்தோடு முடிந்திருக்கும்.

மாலை ஆட்டத்தில் பெஞ்சின் கடைசியில் இருந்தான்,
கறுப்புக் கோட்டும் இறுகக் கட்டிய ஷூவுமாக.
ஆறு புள்ளியில் ஜெயித்தோம்.
திரையில் பதினொரு கோடுகள் ஏறி இறங்கின.
அவற்றை நான் பார்க்கவேயில்லை.

வளையத்தில் பட்டுப் பந்து தெறிக்கும் ஒவ்வொரு முறையும்
அவன் இடது குதிகால்
தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி
அமர்ந்தது.

எந்தச் சென்சாரும் இல்லை.
எண்ணினேன்.
நாற்பத்து நாலு.